மழைமலைக்குக் கட்டும் மூட்டை: எது தாங்கும், எது காலை வாரும்

மழையும் மஞ்சும் மூடிய மலைக்குப் பறவை, தவளை, பெரணி, காளான் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “இது வாட்டர்ப்ரூஃபா?” கடைக்காரரும் ஆமாம் என்பார். எல்லாமே வாட்டர்ப்ரூஃப்தான், முதல் மூன்று மணி நேரத்துக்கு. அதற்குப் பிறகு ஏதோ ஒரு வழியில் எல்லாம் நனையும். நனைந்தது எப்போது காயும் என்பதில்தான் நல்ல பொருளும் சுமாரான பொருளும் பிரிகின்றன. மேகம் தரையிலேயே உட்கார்ந்திருக்கும் இடத்தில் காற்றின் ஈரப்பதம் நூறு விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். சாயங்காலம் கொடியில் போட்ட சட்டை, விடிந்து பார்த்தால் போட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல் ஈரமாகத் தொங்கும்.

ஆகவே இங்கே ஒவ்வொரு பொருளையும் இரண்டே கேள்விகளால் எடைபோட்டிருக்கிறது: எங்கே முதலில் கைவிடும்? கைவிட்ட பிறகு எவ்வளவு சீக்கிரம் தேறும்? கணக்கில் வைத்திருப்பது 1,000 முதல் 2,000 மீட்டர் உயரம், நான்கைந்து நாள், இரவில் கூரைக்குக் கீழே படுக்கை, பகலில் நான்கைந்து மணி நேர மெதுநடை. கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களின் பாடு தனி. அது இதில் சேராது.

மழைச்சட்டை

ஜாக்கெட்டின் சீட்டில் 10,000/10,000, 20,000/15,000 என்கிற மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் நீர்த்தூணின் உயரம், மில்லிமீட்டரில். துணியின் மேல் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், துணி எந்த உயரத்தில் கசிகிறது என்று பார்ப்பார்கள். 5,000 தூறலுக்குப் போதும். நாள் முழுக்கப் பெய்யும் மழைக்கு 10,000 வேண்டும். முதுகில் பை மாட்டுவதாக இருந்தால் 15,000-க்கு மேல் பாருங்கள். மழைத்துளி துணியை அப்படி ஒன்றும் அழுத்துவதில்லை, அழுத்துவது தோள்வார். தவளையைப் படமெடுக்க முட்டிபோடும்போது மழைக்கால்சட்டையின் முழங்காலுக்கும் இதே கதிதான். எந்த ஜாக்கெட்டும் தோளில்தான் முதலில் கசியும். அது தையல் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டியதில்லை.

இரண்டாவது எண், மூச்சுவிடும் திறன். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடுகிறது என்ற கணக்கு. இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நீராவி, அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்குப் போகும். குளிர்ந்து வறண்ட பனிமலையில் அந்த வித்தியாசம் பெரிது. மஞ்சுக்குள் நடக்கும்போது வெளிக்காற்றிலும் ஈரம் நிரம்பியிருக்கிறது. உடம்புச் சூட்டால் ஏற்படும் சின்ன வித்தியாசம்தான் மிச்சம். ஏற்றத்தில் மணிக்கு அரை லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அதை எந்தப் படலத்தாலும் அங்கே வெளியேற்றி முடிக்க முடியாது. ஜாக்கெட் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் பல, சொந்த வியர்வையின் மேல் சொல்லப்படும் புகார்கள்.

எனவே எண்ணைப் பார்ப்பதைவிட அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். 25 முதல் 30 செ.மீ. நீளத்தில், மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கிற ஜிப்பாக இருந்தால் உத்தமம். ஏற்றத்தில் அதைத் திறந்துவிட்டு நடந்தால், 20,000 என்று அச்சிட்ட துணி செய்யாத வேலையை அந்தத் திறப்பு செய்யும்.

1969-இல் அமெரிக்கரான பாப் கோர், பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த நுண்துளைப் படலத்திலிருந்து வந்ததுதான் மழைச்சட்டைகளில் பேர்போன கோர்-டெக்ஸ் துணி. துளை நீர்த்துளியைவிட மிகமிகச் சிறியது, நீராவிக்குப் போதுமான பெரியது. அதனால் ஒன்று நிற்கும், மற்றது போகும். ஆனால் இந்தப் படலத்தின் மேல் ஒரு வெளித்துணி இருக்கிறது. அதில் தண்ணீர் ஒட்டாதபடி ஒரு மேற்பூச்சு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு தேய்ந்தால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். படலம் ஒழுகாது, ஆனால் ஈரத்துணி மேலே அப்பிக்கிடப்பதால் நீராவி போக வழி இல்லை, உடம்பும் சில்லிடும். பழைய ஜாக்கெட்டா? வீட்டிலேயே கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் சரி. படர்ந்து கறுத்தால் மேற்பூச்சு போய்விட்டது.

போனதில் பாதியைத் திரும்பப் பெறலாம். சலவைத்தூள் மிச்சமும் உடம்பு எண்ணெயும்தான் பூச்சை மறைக்கும் முதல் காரணங்கள். மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல், திரவ சோப்பில் துவைத்து, இரண்டு முறை அலசி, குறைந்த சூட்டில் உலர்த்தியில் 20 நிமிடம் ஓட்டினால் பூச்சு மறுபடி நிமிர்ந்து நிற்கும். உலர்த்தி இல்லையென்றால், ஜாக்கெட்டின் சீட்டு அனுமதித்தால், மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி. அப்படியும் உருளவில்லை என்றால் தெளிக்கும் பூச்சு வாங்க வேண்டியதுதான். ஃப்ளோரின் சேர்மங்கள் சூழலில் அழியாமல் தங்குகின்றன என்பதால் இப்போதைய ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் அவை இல்லாத பூச்சுதான் வருகிறது. நல்ல மாற்றம். ஆனால் புதுப் பூச்சு தண்ணீரைத் தள்ளும் அளவுக்கு எண்ணெயைத் தள்ளாது. கழுத்துப்பட்டையும் மணிக்கட்டும் சீக்கிரம் அழுக்கேறிக் குடிக்க ஆரம்பிக்கும். அடிக்கடி துவைத்தே ஆக வேண்டும்.

இயற்கை பார்க்கிறவர்களுக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு, கடைக் கண்ணாடி முன்னாலேயே செய்யலாம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துவதுபோல இரண்டு கைகளையும் தூக்குங்கள். அடி விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறினால் அளவு பத்தாது. மணிக்கட்டுப் பட்டை தளர்ந்து கை தெரிந்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம்: மழையில் கையை உயர்த்தி ஒரு பறவையை ஒரு நிமிடம் பார்த்தால், உள்ளங்கையில் விழும் தண்ணீர் முன்கை வழியாக முழங்கைக்கு ஓடிவிடும். அகலமான வெல்க்ரோ பட்டைதான் இதற்கு மருந்து. வெறும் எலாஸ்டிக் போதாது. அப்படியே தலையை இடமும் வலமும் திருப்புங்கள். முக்காடு கூடவே திரும்ப வேண்டும், கன்னத்தை மறைத்து நிற்கக் கூடாது. துணியைக் காதருகே கசக்கிப் பாருங்கள். சிப்ஸ் பாக்கெட் போலச் சரசரக்கும் முக்காட்டுக்குள் பறவைக் குரல் கேட்காது. மஞ்சில் கண்ணைவிடக் காதுதான் அதிகம் உழைக்கும் என்பதால் இது சின்னக் குறை இல்லை. அகன்ற விளிம்புத் தொப்பி போட்டு முக்காட்டை முதுகில் விட்டுவிடுவது பலருக்கு ஒத்துவருகிறது.

உள்பக்கத்தில் பாலியூரத்தேன் பூசிய மலிவு ஜாக்கெட்டுகள் ஒரு பருவத்துக்கு நன்றாகவே உழைக்கும். அவற்றின் சாவு அலமாரியில் நடக்கிறது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூச்சு ஈரத்தால் வேதிச் சிதைவடைந்து பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, செதில் செதிலாக உரியும். கிளம்புவதற்கு முதல் நாள் எடுத்துப் பார்த்துத் திகைப்பதைவிட, ஒரு மாதம் முன்பே விரித்துப் பாருங்கள்.

தலைவழியே மாட்டித் தொங்கவிடும் பான்சோ காற்றோட்டத்தில் ஜாக்கெட்டைத் தோற்கடிக்கும், பையையும் சேர்த்து மூடும். காற்றடிக்கும் முகட்டில் பாய்மரமாகிவிடும். இறக்கத்தில் கால் எங்கே வைக்கிறோம் என்பது தெரியாது. அடர்காட்டுத் தட்டையான பாதைக்கு மட்டும் சரி. குடையைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. காற்றில்லாத காட்டில் ஒரே இடத்தில் நின்று பார்க்கிறவருக்கு அதைவிட நல்ல மழைக்கருவி கிடையாது. கேமராவுக்கும் அதுவே கூரை.

உள்ளே போடும் துணி

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை, ஒரே ஓர் ஒப்பீடு போதும். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தாலே பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நைலான் 4, பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. கம்பளி 16 பக்கம் போகும், ஆனாலும் ஈரத்தோடு ஓரளவு சூடு காக்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். மெல்லிய பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி மேல்சட்டை இரண்டு, நைலான் கால்சட்டை இரண்டு, பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் மேலாடையான ஃப்ளீஸ் ஒன்று. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கடல்மட்டத்தை ஒட்டிய அடிவாரத்தில் 24 என்றால் 1,800 மீட்டரில் 12–13. அதில் நனைந்து காற்றும் பட்டால் நடுக்கம் வந்துவிடும், உறைபனி வேண்டியதில்லை.

அறையில் துணி காயாது. அதற்கு ஒரு கைப்பழக்கம்: காய்ந்த துண்டை விரித்து, துவைத்த சட்டையை அதன் மேல் பரப்பி, இரண்டையும் பாய்போலச் சுருட்டி, இரு முனையையும் பிடித்து முறுக்க வேண்டும். வெறுங்கையில் பிழிந்த பிறகும் ஒளிந்திருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். மெல்லிய சட்டையாக இருந்தால் பிறகு உடம்புச் சூட்டிலேயே அரை மணியில் காயும். படுக்கைக்கென்று ஒரு ஜோடி சட்டையும் காலுறையும் தனிப்பையில் இருக்கட்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூடாது.

அட்டைக் காலுறை

ஆசிய மழைக்காடுகளிலிருந்து மடகாஸ்கர், ஆஸ்திரேலியா வரை நிலத்து அட்டைகள் உண்டு. அந்தப் பக்கம் போகிறவர்களின் மூட்டையில் விலைக்கும் பலனுக்கும் மிகச் சிறந்த பொருத்தம் உள்ள பொருள் இதுதான். ஆனாலும் பாதிப் பேர் தப்பானதை வாங்குகிறார்கள்.

லீச் சாக்ஸ் என்ற பெயரைக் கேட்டு, நீளமான கால்பந்து சாக்ஸைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது பின்னல் துணி. கண்ணிகளுக்கிடையே அட்டை முன்முனையை ஊசிபோல மெலித்து நுழைத்துவிடும். கடித்துக் குடித்துப் பருத்த பிறகுதான் தெரியவரும். உண்மையான அட்டைக் காலுறை நெய்த துணி: அடர் பருத்தி அல்லது நைலான், பூட்ஸ் வடிவில் வெட்டித் தைத்தது, முழங்காலுக்குக் கீழ்வரை வரும், மேலே இழுத்துக் கட்டும் கயிறு. சாதாரண சாக்ஸுக்கு மேலே, கால்சட்டையின் அடியையும் உள்ளே விட்டு, ஷூவுக்குள் போட வேண்டும்.

வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். புள்ளி புள்ளியாக ஒளி ஊடுருவினால் நெசவு தளர்வு, திருப்பிக் கொடுத்துவிடலாம். தையல் ஓரம் மடித்து இரட்டையாகத் தைத்திருக்க வேண்டும், குறிப்பாகக் குதிகாலில். நிறம் வெள்ளை, சந்தனம், இளம்பச்சை என வெளிறியதாக இருக்கட்டும். அடர் பச்சையும் கறுப்பும் பார்க்கக் காட்டுக்குப் பொருத்தமாக இருக்கும், ஆனால் ஏறிவரும் அட்டை அதில் தெரியாது. வெளிர் துணியில், முன்முனையை நீட்டி, பின்முனையை இழுத்து, வளைந்து வளைந்து நடந்துவருவது இரண்டடி தூரத்திலேயே தெரியும், சுண்டிவிட்டால் போயிற்று. மேல்கயிற்றில் அழுத்துப்பூட்டு இருக்க வேண்டும். வெறும் முடிச்சு நடக்க நடக்கத் தளரும், இறுக்கினால் கெண்டைக்கால் மரக்கும்.

குறைகளும் உண்டு. மணல் புகுந்த ஷூவில் குதிகால் பகுதி இரண்டு மூன்று நாளில் தேய்ந்து ஓட்டை விழும். பருத்திக் காலுறை காயாது என்பதால் இரண்டு ஜோடி தேவை. ஷூவில் இடம் இல்லையென்றால் விரல்கள் நசுங்கும். ஷூவை வாங்கும்போதே இரண்டு அடுக்கு சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். காலுறையைத் தாண்டி மேலே ஏறிவிட்ட அட்டை இடுப்புக்குப் போகும், ஆகவே சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொள்வது அழகு குறைவானாலும் பத்திரம்.

உப்பு, மூக்குப்பொடி, சோப்பு என்று தடவுகிற வழக்கம் பற்றி ஒரு வார்த்தை. தடவினால் வேலை செய்யும், முதல் ஓடை வரைக்கும். பிறகு கரைந்து ஓடைக்கே போகும். அங்கே தலைப்பிரட்டைகள் இருக்கின்றன. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த பூச்சிவிரட்டி அதைவிட நேரம் நிற்கும். ஆனால் டீட் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கும். அது பட்ட கையோடு பைனாகுலரைத் தொட்டால் பிடிப்பான் ரப்பர் பிசுபிசுக்கும், கைக்கடிகாரக் கண்ணாடி மங்கும். காலுறையின் மேல்விளிம்பில் மட்டும் தடவி, கையைத் துடைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

கடித்துவிட்டால் தீக்குச்சி, உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். சித்திரவதைப்பட்ட அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கலாம். மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டிச் செருகி நகர்த்தினால் பிடி விடும், உடனே தடித்த முனையையும் அதேபோல. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது ஏற்கனவே செலுத்தியிருக்கும், ஆகவே சில மணி நேரம்கூடக் கசியலாம். கழுவி, அழுத்திப் பிடித்து, ஒரு பிளாஸ்திரி. இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஷூ

வாட்டர்ப்ரூஃப் படலம் வைத்த ஷூவுக்கு இந்த மலையில் இரண்டாமிடம்தான். கணுக்காலுக்கு மேலே தண்ணீர் ஏறாதவரை அது ராஜா. ஒரு முறை மேல்வழியாக உள்ளே போய்விட்டால், வெளியே வரவிடாத அதே படலம் உள்ளே தேக்கிவைக்கும். காய இரண்டு நாள். வலைத்துணி வைத்த நடை ஷூ ஐந்து நிமிடத்தில் நனையும், நடக்க நடக்கத் தண்ணீரைத் துப்பிவிடும், மறுநாள் காலை போட்டுக்கொள்ளும் நிலையில் இருக்கும். நான்கு நாள் மழைக்கு வலைத்துணி, ஒரு நாள் ஈரப்புல் நடைக்குப் படலம். கம்பூட்ஸ் சேற்றுக்கும் அட்டைக்கும் சரி. பாசிப் பாறையில் பாதம் உள்ளே உருள்வதால் ஆபத்து.

அடிப்பாகத்தில் பள்ளங்கள் 4–5 மி.மீ. ஆழம் இருந்தால் சேறு பிடிக்கும். ஈரப்பாறைக்கு ஆழத்தைவிட ரப்பரின் மென்மைதான் முக்கியம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். பச்சைப் பாசி படிந்த பாறையில் எந்த ரப்பரும் நிற்காது. அங்கே மிதிக்காமல் இருப்பதுதான் தொழில்நுட்பம்.

பல ஆண்டு அலமாரியில் தூங்கிய பூட்ஸை நம்பிக் கிளம்புகிறவர்களுக்கு: நடுஅடுக்கு பாலியூரத்தேனாக இருந்தால், போடாமல் வைத்திருந்தாலும் அது காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள் சிதைந்திருக்கும். பார்க்கப் புதிது. முதல் ஓடையில் அடிப்பாகம் முழுசாகக் கழன்று சேற்றில் நின்றுவிடும். கிளம்ப ஒரு வாரம் முன் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நடங்கள், நடுஅடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் தூக்கி எறியலாம்.

இரவில் ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து அதை உருவிவிட்டுப் புதுத்தாள் திணிக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் ஈரக் காகிதம்தான் விடியும்வரை உள்ளே இருக்கும். அடுப்போரம் வைக்காதீர்கள், பசை விடும்.

பை

மழையுறை பாதி ஏமாற்று. முதுகுப்பக்கம் திறந்தே கிடப்பதால் கழுத்திலிருந்து வழியும் தண்ணீர் அந்தப் பக்கமாக இறங்கி, உறையின் அடியில் குளம் கட்டும். அடியில் வடிதுளை இல்லாத உறையை வாங்காதீர்கள். நம்ப வேண்டியது உள்ளுறையை: பையின் அளவுக்கு வாயைச் சுருட்டிப் பூட்டும், தண்ணீர் புகாத டிரை பேக் ஒன்று, இல்லையென்றால் தடித்த பெரிய பாலித்தீன் பை ஒன்று. சுருட்டுவாயைக் குறைந்தது மூன்று முறை மடித்துப் பூட்ட வேண்டும். வாய்வரை அடைத்து ஒரே மடிப்பில் பூட்டுவதுதான் வழக்கமான தவறு. பெரியது ஒன்றைவிடச் சின்னது மூன்று மேல். ஈரத்துணி ஒன்றில், காய்ந்தது ஒன்றில், கருவிகள் ஒன்றில். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் ஈரத்தைப் பூட்டிவைத்த மாதிரிதான்.

பைனாகுலரும் கேமராவும்

10×42 வாங்கத் துடிப்பவர்களை 8×42 பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. இரண்டாவது எண்ணான முகப்புக் கண்ணாடியின் விட்டத்தை (மி.மீ.) முதல் எண்ணான உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம்: 8×42-இல் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2. மஞ்சடைந்த காட்டின் மங்கலில் கண்ணின் பாவை விரிந்திருக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியும். பத்து மடங்கு பெருக்கினால் மஞ்சையும் சேர்த்துத்தான் பெருக்கும், கை நடுக்கத்தையும். 8×32 இலகுவானது, 4 மி.மீ.; பகல் நடைக்கு மோசமில்லை.

உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி முத்திரையிட்டதா என்று பாருங்கள். வறண்ட வாயு இருந்தால் உள்கண்ணாடியில் பனி படியாது. சாதாரணப் பைனாகுலர் உள்ளே மங்கினால் அந்தப் பயணத்துக்கு அது முடிந்தது. வெளிக்கண்ணாடி எல்லாவற்றிலும் மங்கும். அது பெரும்பாலும் நம் மூச்சுதான். கண்ணிலிருந்து எடுத்ததும் கீழே பார்த்து மூச்சுவிடுவது, கண்மூடியைக் கவிழ்த்துவிடுவது, இரண்டும் சேர்ந்தால் பாதி தொல்லை குறையும். துடைக்கும் முன் ஊதி மணலைப் போக்க வேண்டும். சட்டை முனையால் துடைப்பது பூச்சைக் கீறும். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்கும் சோதனை. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்புக்கு மட்டும். வண்ணத்துப்பூச்சி, தும்பி பார்ப்பவர்கள் கிட்டக் குவியம் 2 மீட்டருக்குள் வருகிறதா என்றும் பார்க்கவும்.

கேமராவுக்கு மழையைவிட எதிரி, சூடு மாறும் வாசல். குளிரில் நின்ற லென்ஸைச் சமையலறைச் சூடு ஏறிய ஈரமான கூடத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு நொடியில் வெண்திரை. ஏசி காரிலிருந்து வெதுவெதுப்பான அடிவாரத்தில் இறங்கினாலும் அதேதான். கேமராவை உறைக்குள் மூடியபடியே அரை மணி விட்டு, பிறகு திறக்க வேண்டும். அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் பனி சென்சாரில் படியும்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் பற்றி ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். 20 டிகிரியில் ஈரம் நிரம்பிய ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் தண்ணீர். பத்து லிட்டர் பெட்டிக்குள் இருப்பது கால் கிராம்கூட இல்லை. 50 கிராம் ஜெல், பெட்டிக்குள் மிதமான ஈரப்பதம் நிலவும்போது 10 கிராம் அளவுக்கு இழுக்கும். ஆக, இறுக மூடும் பெட்டியாக இருந்தால் காற்றைக் காயவைக்க அது தாராளம். அதைத் தின்றுதீர்ப்பது கூடவே உள்ளே போகும் ஈரமான தோள்வார்தான். வாரைக் கழற்றி வெளியே தொங்கவிட்டுவிட்டு கேமராவை மட்டும் பூட்டுங்கள். ஜிப் வைத்த துணிப்பைக்குள் ஜெல் பொட்டலம் போடுவது, மலையையே காயவைக்கப் பார்ப்பது. நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி வைத்தால் மறுபடி உழைக்கும்.

விளக்கு, போன், வானிலை

தலைவிளக்கு வாங்குகிறவர்கள் ஒளியின் அளவைச் சொல்லும் லூமென் எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். மஞ்சில் 1,000 லூமென் போட்டால் கண்ணெதிரே வெள்ளைச் சுவர். விளக்கு கண்ணுக்கு அருகே இருப்பதால் துளிகளில் பட்டுச் சிதறும் ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. கழற்றி இடுப்பருகே பிடித்தால் அதே விளக்கில் பாதை தெரியும். ஆகவே எளிதாகக் கழலும் பட்டை, 20–30 லூமென் வரை குறைக்கும் வசதி, சிவப்பு ஒளி, மூன்றும் உள்ளதாகப் பாருங்கள். உச்சம் 200–300 போதும்.

தூசியும் நீரும் தாங்கும் என்கிற போனின் ஐபி68 முத்திரை புதுப் போனுக்கு, நன்னீரில், ஆய்வகத்தில். நீரால் வரும் சேதத்தை உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்காது. சார்ஜ் துளையில் ஈரம் இருந்தால் மின்கம்பியைச் செருகாதீர்கள். அறைக்கு வந்ததும் துளை கீழ்நோக்க நிறுத்தி வையுங்கள். ஜிபிஎஸ் மஞ்சில் நன்றாகவே வேலை செய்யும், வேலை செய்யாதது ஈரவிரல் பட்ட தொடுதிரை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி, நடக்கத் தொடங்கும்போதே தடப்பதிவை ஓடவிட்டுப் பூட்டிவிட வேண்டும். பார்வைத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனாலே வானிலையாளர்கள் மூடுபனி என்பார்கள். மலையில் அது இருபது மீட்டருக்கும் வரும். அப்போது வந்த தடம் ஒன்றுதான் நிச்சயம்.

வானிலைச் செயலிகளுக்கு மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் பத்துக்கு ஐந்து, அதுவும் கேட்கத் தெரிந்தவர்களுக்கு. செயலிகளுக்குப் பின்னால் இருக்கும் கணினி மாதிரிகளில், ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாதிரி 9 கி.மீ. கட்டங்களாகவும், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி 13 கி.மீ. கட்டங்களாகவும் பூமியைப் பார்க்கின்றன. ஒரு முகடும், அதன் காற்றெதிர்ச் சரிவும், மறுபக்க மழைமறைவும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். செயலி இரண்டுக்கும் ஒரே எண் சொல்லும்; நிஜத்தில் ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் தூறும். மழை வாய்ப்பு விழுக்காட்டைப் பார்க்காதீர்கள், மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 2.5 வரை சாரல், நடக்கலாம். 7.6-ஐத் தாண்டினால் கனமழை. பறவையும் இல்லை, பாதையும் இல்லை. காற்று எந்தத் திசை, மேக அடி (மேகத்தின் அடிமட்டம்) எத்தனை மீட்டர் உயரத்தில் என்ற இரண்டையும் காட்டும் செயலியே உருப்படியானது. மேக அடி உங்கள் அறையின் உயரத்துக்குக் கீழே இருந்தால் அன்று மஞ்சுக்குள்தான் இருப்பீர்கள். காட்சிமுனைத் திட்டத்தை விட்டுவிட்டுத் தவளை, காளான், பெரணி பக்கம் போகலாம்.

நாள் திட்டம் இடுகிறவர்கள் ஐந்தில் ஒரு நாளை வெறுமையாக விட வேண்டும். நடையை விடியலில் தொடங்கி, பிற்பகல் மழை கனக்கும் முன் ஓடைகளைத் திரும்பக் கடந்துவிடுமாறு பிரிக்க வேண்டும். பெருமழை விட்ட அரை மணி நேரத்தில் பறவைகள் சிறகு உலர்த்த வெளியே வரும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடாதீர்கள். ஓடையில் தெளிந்த நீர் திடீரென்று பழுப்பாகி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே எங்கோ கொட்டிவிட்டது என்று அர்த்தம்: உடனே கரையேறி உயரத்துக்குப் போக வேண்டும். மறுகரையில் இருக்கும் அறையை நினைத்து முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் இறங்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்; இடி முப்பது விநாடிக்குள் வந்தால் முகட்டிலிருந்து இறங்குங்கள்.

வீடு திரும்பிய அன்றே மூட்டையைப் பிரித்துவிட வேண்டும். ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பித் தொங்கவிட்டு, ஷூவின் உள்ளட்டையை உருவி, டிரை பேக்குகளை உதறிக் கவிழ்த்து, இரண்டு நாள் காற்றாடவிட்டு அலமாரிக்கு அனுப்புங்கள். பைனாகுலரையும் லென்ஸையும் மட்டும் அவற்றின் உறைக்குள் திரும்ப வைக்க வேண்டாம். அந்த உறைதான் வீட்டிலேயே ஈரமான இடம், பூஞ்சை அங்கேதான் லென்ஸுக்குக் குடிபோகும்.